பச்சை பேட்ஜ் வாங்க என்ன வழி?

கேள்வி: வடமேற்கு லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 38. பன்னிரண்டு வருடமாக இங்கே கார் ஓட்டுகிறேன், ஒரு பெனால்டி பாயின்ட்கூட இல்லை. பக்கத்து வீதியில் இருக்கும் இரண்டு தோழிகளுக்கு நான்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். இருவரும் பாஸ். அதிலிருந்து, "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், பெட்ரோல் காசு தருகிறோம்" என்று ஆட்கள் கேட்கிறார்கள். இதையே தொழிலாக எடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. ஒரு பயிற்சி நிறுவனம் மொத்தமாக இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் கேட்கிறது. முடித்தால் வேலை உத்தரவாதமாம். நம்பலாமா? பள்ளி வேலையை விட்டுவிடலாமா? என் ஆங்கிலம் பேச்சுக்குப் போதும், இதற்குப் போதுமா? கார் இப்போதே வாங்க வேண்டுமா? "நீ நன்றாக ஓட்டுகிறாய், உனக்கு இது சுலபம்" என்கிறார் கணவர்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் பெட்ரோல் காசு விஷயத்தை முடித்துவிடுவோம், அதுதான் அவசரம். வாங்காதீர்கள். பிரிட்டனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பணம் வாங்க வேண்டுமென்றால், டிரைவிங் தேர்வுகளை நடத்தும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏவின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் (அதற்கான அடையாளம்தான் பச்சை பேட்ஜ்), இல்லாவிட்டால் அவர்கள் தரும் பயிற்சி லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு ரோட் டிராஃபிக் சட்டத்தின் 123ஆம் பிரிவு பணத்தை மட்டும் சொல்லவில்லை, பணத்துக்கு ஈடான எதையும் சேர்த்தே சொல்கிறது. பெட்ரோல் காசு என்று பெயர் வைத்தாலும் கிஃப்ட் கார்டாகக் கொடுத்தாலும், அது பாடத்துக்கான கூலிதானா என்ற கேள்வி வரும். நாளைக்கு உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்து, இவர் இந்தத் தொழிலுக்கு ஏற்றவர்தானா என்று முடிவு செய்யப் போகிறவர் அதே பதிவேட்டின் பதிவாளர். அவரிடம் போகும்போது இப்படி ஒரு கதை பின்னால் வரக் கூடாது. தோழிக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. உங்களுக்கு 21 வயது தாண்டி, மூன்று வருட லைசென்ஸ் இருந்து, காரின் இன்ஷூரன்ஸ் அந்த லேர்னரையும் சேர்த்து இருந்தால் போதும்.

இந்தப் பதிவேடு 1964இல் விரும்பியவர்கள் சேரலாம் என்றுதான் தொடங்கியது. 1970இல் கட்டாயமானது. அதற்கு முன்னால் ஓட்டத் தெரிந்த யாரும் போர்டு மாட்டிக்கொண்டு காசு வாங்கலாம். நம் ஆட்கள் சிலர் இன்னும் 1969இல்தான் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, தொழிலுக்கு வருவோம். உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. மொத்தம் மூன்று தேர்வுகள். நன்றாக ஓட்டத் தெரிந்திருப்பது அதில் ஒன்றரைக்கு உதவும். மீதி ஒன்றரைக்கு உங்கள் பள்ளி அனுபவம்தான் கை கொடுக்கும். அதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 21 வயது, மூன்று வருடமாக முழு லைசென்ஸ், கடந்த நான்கு வருடத்தில் ஓட்டத் தடை எதுவும் இல்லாமை. எல்லாம் உங்களிடம் இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன்பு, குற்றப் பின்னணி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் டிபிஎஸ் சோதனை முடிய வேண்டும். பள்ளிக்காக எடுத்த டிபிஎஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். டிவிஎஸ்ஏ காட்டும் வழியில், இந்தத் தொழிலுக்கென்றே விண்ணப்பிக்க வேண்டும். அது வந்த பிறகுதான் பதிவேட்டுக்கான விண்ணப்பம், அப்புறம்தான் தேர்வுக்கு நாள் குறிக்க முடியும். ஆகவே டிபிஎஸ்ஸை இந்த வாரமே தொடங்கினாலும் நல்லதுதான்.

முதல் தேர்வு கம்ப்யூட்டர் முன்னால். 100 கேள்விகள், 90 நிமிடம். 85 எடுக்க வேண்டும். ஆனால் மொத்தமாக 85 எடுத்தால் மட்டும் போதாது. கேள்விகள் நான்கு பகுதியாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றிலும் 25. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 20 சரியாக இருக்க வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். சாலை விதிகளில் 25க்கு 25 எடுத்துவிட்டு, கற்பிக்கும் முறை பற்றிய பகுதியில் 19 எடுத்து வெளியே வருவார்கள். பன்னிரண்டு வருடம் ஓட்டியவருக்குச் சாலைக் குறிகள் தெரியும். உடல் ஊனமுள்ள மாணவருக்குக் காரில் என்ன மாற்றம் செய்யலாம், சட்டம் என்ன சொல்கிறது, மாணவர் ஒரு கட்டத்தில் முன்னேறாமல் நின்றுவிட்டால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் படித்தால்தான் தெரியும். உங்கள் நேரத்தில் பாதியை அங்கே செலவிடுங்கள்.

அது முடிந்ததும் சின்ன இடைவேளை விட்டு ஹசார்ட் பெர்செப்ஷன், அதாவது சாலை வீடியோவில் ஆபத்து உருவாகும்போது கிளிக் செய்யும் தேர்வு. 14 வீடியோக்கள், 75க்கு 57 வேண்டும். லேர்னராக இருந்தபோது நீங்கள் எழுதிய அதே வகைத் தேர்வுதான், பாஸ் மார்க் மட்டும் கூடுதல். அனுபவசாலிகளுக்கு இதில் ஒரு வினோதமான சிக்கல் உண்டு. ஆபத்து உருவாகும் முன்பே அவர்கள் மனசு அதைக் கண்டுபிடித்துவிடும், சீக்கிரமே அழுத்திவிடுவார்கள். அந்தக் கிளிக்குக்கு மார்க் கிடையாது. ஓரத்தில் நிற்கும் கார் ஆபத்து அல்ல. அது சிக்னல் போட்டு நகரத் தொடங்கும்போதுதான் ஆபத்து. கொஞ்சம் பழகினால் பிடிபட்டுவிடும்.

இந்த முதல் தேர்வின் கட்டணம் 81 பவுண்ட். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். நூலகத்தில் புத்தகமும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் வீட்டில் இருந்தே தயாராகலாம். உங்கள் பயிற்சி நிறுவனக் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. முதல் தேர்வில் பாஸ் ஆகாமல் யாருக்கும் ஆயிரக்கணக்கில் கட்டாதீர்கள். 81 பவுண்டில், இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கிறதா, இரவில் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்பது தெரிந்துவிடும். பலருக்குப் பாதி வழியில் ஆசை போய்விடுகிறது. மொத்தமாகக் கட்டியவர்கள் அந்தக் காசைத் திரும்ப வாங்கப் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் தேர்வு பாஸான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மற்ற இரண்டையும் முடிக்க வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் தலா மூன்று வாய்ப்புகள்தான். மூன்றும் போனால் அந்த இரண்டு வருடம் முடியும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆவதுண்டு. அதனால் இரண்டு வருடம் என்பது கேட்கத்தான் நீளம்.

இரண்டாவது தேர்வு உங்கள் சொந்த ஓட்டம். சுமார் ஒரு மணி நேரம், 111 பவுண்ட். சாதாரண டிரைவிங் டெஸ்டில் 15 சின்னத் தவறுகள் வரை மன்னிப்பு உண்டு. இதில் 6. ஏழாவது விழுந்தால் ஃபெயில், பெரிய தவறு ஒன்று வந்தாலும் ஃபெயில். கண் பரிசோதனையில் நம்பர் பிளேட்டை 26.5 மீட்டரிலிருந்து படிக்க வேண்டும். லேர்னருக்கு அது 20 மீட்டர். கண்ணாடி போடும் வயது நெருங்குகிறதென்றால் முன்கூட்டியே ஒரு தடவை கண் டாக்டரிடம் போய் வந்துவிடுங்கள், வாசலிலேயே திரும்பி வருவதைப் போல எரிச்சல் வேறில்லை. சுமார் 20 நிமிடம் சாட்நாவ் சொல்வதையோ பலகைகளையோ பார்த்து நீங்களே வழி கண்டுபிடித்து ஓட்ட வேண்டும். அதோடு பார்க்கிங் போன்ற இரண்டு மனூவர்.

பன்னிரண்டு வருடம் ஒரு பெனால்டி பாயின்ட்கூட இல்லாமல் ஓட்டியது இங்கே கொஞ்சம் எதிராகவே வேலை செய்யும். 20 மைல் வலயத்தில் 23இல் ஊர்வது, சிக்னல் போட்ட பிறகு மிரர் பார்ப்பது, ஜங்ஷன் வரும்போது கிளட்ச்சை முன்கூட்டியே மிதித்துவிட்டு உருள்வது, ஒரு கை ஸ்டியரிங்கில் ஒரு கை கியரில். இதெல்லாம் நம் உடம்புக்குள் போய்விட்ட பழக்கம், நமக்கே தெரியாது. பக்கத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், அவர் எழுதித் தரும் பட்டியலைப் பார்த்துக் கோபம் வரும். வரட்டும். நான் பரிந்துரைப்பது, தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது: "இடது பக்கம் பஸ் நிற்கிறது, அதன் முன்னால் யாராவது வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன், மிரர்." பார்க்கிறவர்கள் போனில் பேசுகிறாள் என்று நினைப்பார்கள், பரவாயில்லை. இது இரண்டாவது தேர்வுக்கும் உதவும். மூன்றாவதில் மாணவியிடம் சொல்ல வேண்டிய சொற்களும் இப்படித்தான் நாக்கில் வந்து உட்காரும்.

இப்போது மூன்றாவது. உங்களிடம் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதைப் பற்றித்தான்.

2017 டிசம்பருக்கு முன்பு தேர்வாளரே லேர்னர் மாதிரி நடிப்பார், நீங்கள் அவருக்குப் பாடம் நடத்துவீர்கள். இப்போது நடிப்பு கிடையாது. நீங்கள் ஒரு உண்மையான மாணவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும், தேர்வாளர் பின் சீட்டில் உட்கார்ந்து சுமார் முக்கால் மணி நேரம் பாடத்தைக் கவனிப்பார். 17 விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போடுவார். மொத்தம் 51. 31 எடுத்தால் பாஸ், பி கிரேடு. 43 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ கிரேடு. அந்த 17இல் நான்கு பாடத் திட்டம் பற்றியவை, ஐந்து ஆபத்தைக் கையாள்வது பற்றியவை, எட்டு கற்பிக்கும் விதம் பற்றியவை. ஆபத்துப் பகுதியில் 15க்கு 7 அல்லது அதற்குக் கீழே போனால், மற்ற எல்லாவற்றிலும் முழு மார்க் எடுத்தாலும் ஃபெயில்.

நீங்கள் தோழிக்கு ரவுண்டபௌட் சொல்லிக்கொடுத்த விதத்தை நினைத்துப் பாருங்கள். அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும்: "மிரர் பார். ரைட் சிக்னல் போடு. செகண்ட் கியர். பொறு, பொறு, அந்த வெள்ளைக் கார் போகட்டும். இப்ப போ!" அவரும் போயிருப்பார், அழகாகத் திரும்பியிருப்பார். ஆனால் போகலாம் என்று முடிவெடுத்தது யார்? நீங்கள். அவருடைய கால் மட்டும்தான் வேலை செய்தது. அவர் பாஸான பிறகு முதல் நாள் தனியாக அதே ரவுண்டபௌட்டுக்குப் போகும்போது, "இப்ப போ" என்று சொல்ல அந்தக் காரில் ஆள் கிடையாது.

மூன்றாவது தேர்வு அளப்பது இதைத்தான். மாணவி சரியாக ஓட்டுகிறாளா என்பது இரண்டாம் பட்சம். அவள் தானாக யோசிக்கிறாளா, யோசிக்க நீங்கள் இடம் விட்டீர்களா, இடம் விட்டபோது காரைப் பாதுகாப்பாக வைத்திருந்தீர்களா என்பதுதான் கேள்வி. நன்றாக ஓட்டுகிறவர்கள் இதில் விழுவதற்குக் காரணமும் அதுவே. தவறு வரப்போகிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வகுப்பில் ஒரு குழந்தை கழித்தல் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால், நீங்கள் விடையைச் சொல்லிவிடுவீர்களா? "எப்படிச் செய்தாய், சொல்லு பார்ப்போம்" என்றுதானே கேட்பீர்கள். அதே வேலைதான். ஆனால் இங்கே கணக்கு மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே எப்போது கேட்பது, எப்போது சொல்லிவிடுவது, எப்போது காலை பிரேக்கில் வைப்பது என்பதுதான் வித்தை.

கேள்வியை ரவுண்டபௌட்டின் வாயில் வைத்துக் கேட்கக் கூடாது. அங்கே மாணவியின் தலையில் கிளட்ச், கியர், வலது பக்கம் வரும் கார், பின்னால் ஹார்ன் என்று எல்லாம் நிரம்பியிருக்கும். நீங்களும் ஒரு கேள்வியைப் போட்டால் ஏதாவது ஒன்று கீழே விழும், பெரும்பாலும் மிரர்தான். 200 மீட்டர் முன்னால், ரோடு நேராக இருக்கும்போது, "முன்னால் ரவுண்டபௌட் இருக்கிறது, மூன்றாவது எக்சிட். எந்த லேன் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சரியென்றால் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வையுங்கள். தாண்டிய பிறகு ஒரு பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டச் சொல்லி, "அந்த வெள்ளைக் காருக்காக நின்றீர்களே, நிற்க வேண்டியிருந்ததா?" என்று கேளுங்கள். அவளே, "அது முன்னாடி எக்சிட்டில் போகச் சிக்னல் போட்டிருந்தது, நான் பார்க்கலை" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியம் உங்கள் பத்து நிமிட விளக்கத்துக்குச் சமம். அவள் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், அதுவும் கற்பித்தல்தான். எல்லாவற்றையும் கேள்வியாக்கி வினாடி வினா நடத்துவதும் தப்பு. முதல் தடவை காரில் உட்காருகிறவளிடம், "கிளட்ச் எதற்கு என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அவள் என்ன செய்வாள் பாவம்.

பாடம் தொடங்கும்போதே பொறுப்பைப் பங்கு பிரித்துச் சொல்ல வேண்டும். பலர் ஒரு சடங்காக, "ஏதாவது ஆனால் நான் பார்த்துக்கொள்வேன்" என்பார்கள். அதற்கு மார்க் வராது, வரவும் கூடாது. "இன்றைக்கு வழியை நான் சொல்கிறேன். மிரரும் வேகமும் உங்கள் பொறுப்பு. ரவுண்டபௌட்டில் லேனை நீங்கள் முடிவு செய்யுங்கள், சந்தேகம் வந்தால் சத்தமாகக் கேளுங்கள். நான் 'ஸ்டாப்' என்றால் காரணம் கேட்காமல் பிரேக். தேவைப்பட்டால் என் பக்கத்து பிரேக்கை நான் போடுவேன், போட்டால் ஏன் என்று சொல்வேன்." இப்படி, இன்றைய பாடத்துக்கு ஏற்றபடி. அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ஆசிரியர் பக்கத்திலும் பொருத்தியிருக்கும் இந்த இரட்டை பிரேக்கைப் போட்டால் ஃபெயில் என்று ஒரு பயம் பயிற்சியில் இருப்பவர்களிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போட வேண்டிய நேரத்தில் போட்டால் அது நல்ல மார்க். போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த லெஃப்டுக்குப் போவதுதான் ஆபத்து, ஏனென்றால் கார் ஏன் நின்றது என்று மாணவிக்குத் தெரியவில்லை. தன் காலால்தான் நின்றது என்றுகூட நினைத்துக்கொண்டிருப்பாள்.

திட்டத்தை மாற்றத் தெரிவதும் இதில் சேரும். பேரலல் பார்க்கிங் பாடம் என்று திட்டமிட்டு வந்திருக்கிறீர்கள். போகும் வழியில் மாணவி ஒரு சைக்கிள்காரரை மிக நெருக்கமாகக் கடந்துவிட்டாள். இனி பார்க்கிங்கா, சைக்கிளா? சைக்கிள்தான். பார்க்கிங் எங்கேயும் ஓடிப் போகாது. தேர்வு நாளில், எழுதி மனப்பாடம் செய்த திட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறவர்களுக்குப் பாடத் திட்டத்திலும் ஆபத்திலும் கற்பித்தலிலும் ஒரே அடியில் மார்க் போகும்.

பழகுவதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. அனுமதி வாங்கிக்கொண்டு உங்கள் பாடத்தை போனில் குரல் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கேளுங்கள். அதில் உங்கள் குரல் எவ்வளவு, மாணவியின் குரல் எவ்வளவு என்று பாருங்கள். உங்களுடையதே நிரம்பி வழிந்தால் நீங்கள் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், சீட் மட்டும் மாறியிருக்கிறது. அதோடு, பதிவு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு அவருடைய மாணவர் சம்மதத்தோடு பின் சீட்டில் உட்கார்ந்து பாடங்களைக் கவனியுங்கள். மோசமான ஆசிரியர் கிடைத்தாலும் நஷ்டமில்லை.

இனி அந்த நிறுவனம். "வேலை உத்தரவாதம்" என்றால் பெரும்பாலும் ஃபிரான்சைஸ் என்றுதான் அர்த்தம். அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தருவதில்லை. அவர்கள் பெயரையும் காரையும் பயன்படுத்த நீங்கள் அவர்களுக்கு வாராவாரம் பணம் கட்டுவீர்கள். மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வாரக் கட்டணம் வரும். தொடக்கத்தில் அது பலருக்கு உதவியாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை உத்தரவாதமான வேலை என்று விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: காருக்குள் எத்தனை மணி நேரப் பயிற்சி? அதில் நான் மட்டுமா, இன்னொருவரும் சேர்ந்தா? என்னைப் பயிற்றுவிப்பவர் யார், டிரைவிங் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலான ஆர்டிட்டில் அவர் இருக்கிறாரா, அவருடைய கிரேடு என்ன? பாதியில் விட்டால் எவ்வளவு திரும்ப வரும்? கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் வராமல் "இந்த வாரம் மட்டும் தள்ளுபடி" என்று வந்தால் கிளம்பிவிடுங்கள். என் கருத்து, மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் நல்ல தனிப் பயிற்சியாளர் ஒருவரைப் பிடித்து, ஒவ்வொரு தேர்வும் பாஸான பிறகு அடுத்ததற்குக் கட்டுவதே உங்களுக்கு ஏற்றது.

அந்த நிறுவனம் பிங்க் லைசென்ஸ் பற்றியும் ஆசை காட்டியிருக்கும். இரண்டாவது தேர்வு பாஸாகி, பதிவு பெற்ற ஆசிரியரிடம் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி முடித்திருந்தால், 140 பவுண்ட் கட்டி ஆறு மாதப் பயிற்சி லைசென்ஸ் வாங்கலாம். பிங்க் முக்கோண பேட்ஜை விண்ட்ஸ்கிரீனில் வைத்துக்கொண்டு, காசு வாங்கிப் பாடம் நடத்தலாம். அதற்கும் நிபந்தனை உண்டு. ஒன்று, உங்கள் பாடங்களில் ஐந்தில் ஒரு பங்கை ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும். இல்லையென்றால் கூடுதலாக 20 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும். இது கட்டாயமல்ல, பிங்க் இல்லாமலே நேராக மூன்றாவது தேர்வுக்குப் போகலாம். நான் எடுக்கத்தான் சொல்வேன், உண்மையான மாணவர்களிடம் பழகாமல் மூன்றாவது தேர்வில் நிற்பது கஷ்டம். ஆனால் நேரம் பார்த்து எடுங்கள். லைசென்ஸ் ஆறு மாதம், மூன்றாவது தேர்வுக்கு நாள் கிடைக்கவே அதில் பெரும்பகுதி போய்விடலாம். இரண்டாவது லைசென்ஸ் கேட்டால் தந்துவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். பிங்க் வந்ததும் மாணவர்களைச் சேர்ப்பதில் மூழ்கி, தேர்வுக்கு நாள் குறிக்க மறந்து, லைசென்ஸ் முடிந்து, சேர்த்த மாணவர்களை இன்னொருவரிடம் அனுப்பியவர்கள் உண்டு.

மூன்றாவது தேர்வுக்கும் 111 பவுண்ட். பாஸானால் 300 பவுண்ட் கட்டி நான்கு வருடத்துக்குப் பச்சை பேட்ஜ். அந்த நான்கு வருடத்துக்குள் ஒரு தடவையாவது தேர்வாளர் மறுபடி பின் சீட்டில் வந்து உட்காருவார், அதே 17 விஷயங்களோடு. கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் முன் அரசாங்க இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வேலையை இப்போது விடாதீர்கள். பச்சை பேட்ஜ் வரும்வரை விடாதீர்கள், வந்த பிறகும் ஒரேயடியாக விட வேண்டாம். லேர்னர்கள் பாடம் கேட்கும் நேரம் பெரும்பாலும் மூன்றரை மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறும். உங்கள் பள்ளி வேலையோடு அது ஒத்துப்போகும், வீட்டோடு ஒத்துப்போகுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பகல் நேர மாணவர்களும் உண்டு: பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அம்மாக்கள், ஷிஃப்ட் வேலைக்காரர்கள். பெண் ஆசிரியைதான் வேண்டும் என்று கேட்பவர்கள் நம் ஆட்களில் மட்டுமல்ல, எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். மாணவர்களுக்குப் பஞ்சம் இருக்காது. சராசரியாக ஒரு லேர்னருக்கு 45 மணி நேரப் பாடமும் அதோடு 22 மணி நேரத் தனிப்பயிற்சியும் தேவைப்படுகிறது என்று டிவிஎஸ்ஏ சொல்கிறது. ஒரு மாணவி வந்தால் பல மாதம் இருப்பாள்.

ஆனால் மணிக்கு இவ்வளவு பவுண்ட் என்று கேட்டு அதை 40ஆல் பெருக்கி வருமானம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குக் காசு இல்லை. கடைசி நிமிடத்தில் "காய்ச்சல், வரலை" என்று மெசேஜ் வரும். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், காரின் தேய்மானம், ஃபிரான்சைஸ் என்றால் வாரக் கட்டணம், சுயதொழில் வரி. லீவு எடுத்தால் யாரும் சம்பளம் தர மாட்டார்கள், நோய் வந்தாலும் அப்படித்தான். உங்கள் பள்ளி ஓய்வூதியத்தையும் அந்தக் கணக்கில் மறக்காமல் சேருங்கள்.

ஆங்கிலம். பள்ளியில் ஆங்கிலேயக் குழந்தைகளோடு நாள் முழுக்கப் பேசுகிறவருக்கு இந்தச் சந்தேகம் ஏன் என்று தெரியவில்லை. முதல் தேர்வின் சட்டச் சொற்களைப் படித்துப் பழகினால் போதும். உண்மையில் கவனிக்க வேண்டியது உங்கள் தமிழ் மாணவர்களின் ஆங்கிலத்தை. ஒரு காலத்தில் லேர்னர் தியரி டெஸ்டைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுதலாம், பிராக்டிகலுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப் போகலாம். 2014 ஏப்ரலில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஓரம் கட்டி விளக்கும்போது தமிழில் தாராளமாக விளக்குங்கள், சிக்கலான விஷயம் தாய்மொழியில் சீக்கிரம் ஏறும். ஆனால் கார் ஓடும்போது வழி சொல்வது மட்டும் முதல் பாடத்திலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கட்டும். தேர்வாளர் "டேக் த நெக்ஸ்ட் ரோட் ஆன் த லெஃப்ட்" என்று சொல்லும்போது, அதை மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டு மாணவி திருப்பத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. உங்கள் மூன்றாவது தேர்வுக்குப் பின்னால் உட்காருகிறவரும் ஆங்கிலத்தில்தான் கேட்கப் போகிறார். அதனால் ஆங்கிலம் சரளமாக இருக்கும் மாணவி ஒருவரைக் கூட்டிப் போங்கள். லேர்னராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, முழு லைசென்ஸ் உள்ளவராகவும் இருக்கலாம். ஆனால் டிரைவிங் ஆசிரியராகவோ அதற்குப் படிக்கிறவராகவோ இருக்கக் கூடாது.

கார் இப்போது வாங்க வேண்டாம். இரண்டாவது தேர்வுக்கு உங்கள் வீட்டுக் காரே போதும். முன் சீட்டில் ஹெட்ரெஸ்ட், பின்னால் முழு சீட், வலது பக்க ஸ்டியரிங் இருந்தால் சரி. தேர்வாளருக்கென்று உள்ளே ஒரு கூடுதல் மிரர் ஒட்ட வேண்டும், அது சில பவுண்டுதான். இன்ஷூரன்ஸ் தேர்வையும் சேர்த்ததா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், "அதெல்லாம் இருக்கும்" என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். இரட்டை பிரேக் பொருத்திய கார் பற்றிய முடிவு பிங்க் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் வரும். அப்போது வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதையும் அதுவரை தள்ளிப் போடுங்கள், எலெக்ட்ரிக் கார்கள் பெருகப் பெருக ஆட்டோமேட்டிக் கேட்பவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். உங்களைத் தேடி வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.